அம்பாசிடர் இன்ஜின்: பிக்கப்பும் வேணும், மைலேஜும் குறையக் கூடாது

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சற்றே சுருக்கப்பட்டுள்ளது.)

பழைய அம்பாசிடர் வச்சிருக்கிறவங்க திரும்பத் திரும்பக் கேட்கிற ஒரு கேள்வியை இன்னைக்கு எடுத்துக்கிட்டிருக்கேன். "ஏற்காடு, கொடைக்கானல்னு மலை ஏறினா வண்டி இழுக்க மாட்டேங்குது. பவர் கூட்டணும். ஆனா பெட்ரோல் இப்ப குடிக்கிறதுக்கு மேல குடிக்கக் கூடாது. ரெண்டும் ஒண்ணா நடக்குமா?"

ஒரு எல்லை வரைக்கும் நடக்கும். அந்த எல்லை எங்கே இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டா, எதுக்குக் காசு போடணும், எதுக்குப் போடக் கூடாதுன்னு நீங்களே முடிவு பண்ணிடலாம்.

வழக்கமா கிடைக்கிற பதில் ரெண்டு. "பெரிய ஜெட் போடு, ரெட்டைக் கார்புரேட்டர் போடு" என்பது ஒண்ணு. "இந்த இன்ஜினைத் தூக்கிட்டு வேற இன்ஜின் வை" என்பது இன்னொண்ணு. முதல் வழி பெரும்பாலும் பெட்ரோலைத்தான் கூட்டும். ரெண்டாவது வழியில போனா ஆர்.சி. புத்தகத்தில் மாற்றம் பதிவு பண்ணணும், மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி அனுமதி வாங்கணும். எல்லாத்துக்கும் மேல, ஐம்பது வருஷம் குடும்பத்துல இருந்த வண்டியோட இன்ஜின் காயலான் கடைக்குப் போயிடும். அதனால மூணாவது வழியைப் பேசுவோம்.

இது யாரோட இன்ஜின்?

அம்பாசிடர் என்பது இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு சீரீஸ் 3. மேற்கு வங்காளத்தில் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1950களின் கடைசியில் தயாரிக்க ஆரம்பிச்சு, 2014-ல் நிறுத்தினாங்க. பல வருஷங்களுக்கு அதுல இருந்த பெட்ரோல் இன்ஜின், பி.எம்.சி. நிறுவனத்தின் பி-சீரீஸ். 1,489 சிசி, நாலு சிலிண்டர். சுமார் 50 குதிரைத்திறன், அதுவும் 4,200 சுற்றை ஒட்டி.

இதே 1,489 சிசி இன்ஜினை 1955-ல் எம்.ஜி.ஏ. என்ற ஸ்போர்ட்ஸ் காரில் வச்சாங்க. அங்கே 5,500 சுற்றில் 68 குதிரைத்திறன். அதே போர், அதே ஸ்ட்ரோக்தான். உடனே "பாத்தீங்களா, 18 குதிரை சும்மா தூங்குது" என்பாங்க. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்க. குதிரைத்திறன் என்பது முறுக்கு விசையை, அதாவது டார்க்கை, சுற்றால் பெருக்கினா வர்றது. 50-ஐ 4,200-ஆல் வகுங்க, 68-ஐ 5,500-ஆல் வகுங்க. ரெண்டு விடைக்கும் வித்தியாசம் 4 சதவீதம் அளவுதான். அதாவது எம்.ஜி.ஏ.வுக்குக் கிடைச்ச கூடுதல் பவர்ல பெரும்பகுதி, இன்ஜினை வேகமா சுத்த விட்டதால வந்தது.

நம்ம அம்பாசிடரை யாரும் 5,500 சுற்றுல ஓட்டறது இல்லை. மலைப்பாதையில தேவைப்படறது 1,500-லிருந்து 3,000 சுற்று வரைக்கும் நல்ல இழுவை. அதனால எம்.ஜி.ஏ.வோட ரெட்டைக் கார்புரேட்டரை நகல் எடுக்கிறதுல நமக்குப் பெரிய லாபம் இல்லை. உள்ளே போற அதே பெட்ரோலில் இருந்து கூடுதல் இழுவை எடுக்கறதுதான் வேலை. அப்படி வர்ற பவர் மைலேஜையும் கூட்டும். சுற்றை ஏத்தி வாங்குற பவருக்குத்தான் பெட்ரோல் விலை கொடுக்கணும். எல்லைன்னு சொன்னது இதைத்தான்.

முதல்ல இருந்ததைத் திருப்பி எடுங்க

பெட்ரோல்ல இருக்கிற சக்தியில நல்ல நிலையில இருக்கிற பழைய இன்ஜின்லயே நாலில் ஒரு பங்கு அளவுதான் சக்கரத்துப் பக்கம் போகும். மிச்சம் ரேடியேட்டர் வழியாகவும் சைலன்சர் வழியாகவும் சூடாப் போயிடும். நிலை கெட்ட இன்ஜின்ல அந்த நாலில் ஒரு பங்கும் கிடைக்காது.

கம்ப்ரெஷன் டெஸ்ட்ல ஆரம்பிங்க. நாலு பிளக்கையும் கழற்றி, ஆக்சிலேட்டரை முழுசா மிதிச்சு வச்சு, ஒவ்வொரு சிலிண்டரா கேஜ் வச்சுப் பாருங்க. நாலும் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கணும். ஏதாவது ஒண்ணு மத்ததைவிட 10–15 சதவீதத்துக்கு மேல குறைஞ்சா, அந்தச் சிலிண்டர்ல ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டுத் திரும்பப் பாருங்க. அளவு ஏறினா பிஸ்டன் ரிங் தேய்ஞ்சிருக்கு. ஏறலைன்னா வால்வு சரியா உட்காரலை, இல்லைன்னா ஹெட் கேஸ்கெட் போயிருக்கு.

வால்வு விஷயத்துல பழைய வண்டிக்கே உரிய ஒரு பிரச்சினை உண்டு. 2000-ஆம் ஆண்டோட இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் நின்னு போச்சு. அந்த ஈயம் எக்ஸாஸ்ட் வால்வு உட்கார்ற சீட்டுக்கு ஒரு மெத்தை மாதிரி இருந்தது. அது இல்லாம நெடுந்தூரம், அதிக லோடுல ஓட்டினா வார்ப்பிரும்பு சீட் தேய்ஞ்சு, வால்வு கொஞ்சம் கொஞ்சமா உள்ளே இறங்கும். இறங்க இறங்க டாப்பெட் இடைவெளி குறையும். கடைசியில வால்வு முழுசா மூடாது, விளிம்பு கருகும். அதனால ஹெட்டைக் கழற்றினா எக்ஸாஸ்ட் பக்கம் கெட்டியான சீட் இன்செர்ட் இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா அப்பவே போட்டுடுங்க.

அடுத்தது தெர்மோஸ்டாட். "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு?"ன்னு கழற்றித் தூக்கிப் போட்ட வண்டிகள் நிறைய. வெயிலுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை. இன்ஜின் சரியான சூட்டுக்குச் சீக்கிரம் வரணும், அங்கேயே நிக்கணும். சூடு பத்தலைன்னா பெட்ரோல் முழுசா ஆவியாகாம சிலிண்டர் சுவர்ல ஒட்டும். ஒட்டினது பவர் தராது. சுவர்ல இருக்கிற ஆயிலையும் கழுவிட்டுப் போகும். ஆயில் போனா ரிங் தேயும். வண்டி சூடாகுதுன்னா ரேடியேட்டரைச் சுத்தம் பண்றதுதான் சரி.

தீப்பொறி எப்ப விழணும்?

பெட்ரோல் காற்றுக் கலவை ஒரே நொடியில வெடிக்கிறது இல்லை, பரவி எரியும். அதுக்கு நேரம் ஆகும். 3,000 சுற்றுல இன்ஜின் ஓடினா, கிராங்க் ஒரு மில்லி செகண்டுல 18 டிகிரி திரும்பிடும். அதனாலதான் பிஸ்டன் உச்சிக்கு வர்றதுக்கு முன்னாடியே பிளக் எரியணும். பிஸ்டன் உச்சியைத் தாண்டி சுமார் 15 டிகிரி இறங்கும்போது அழுத்தம் உச்சத்தில் இருக்கணும். அப்பதான் கிராங்குக்கு நல்ல உதை கிடைக்கும். தாமதமானா, எரியற கலவை பிஸ்டனைத் தள்ளாம சைலன்சரைச் சூடாக்கும். அந்தப் பெட்ரோலுக்கு நீங்க காசு கொடுத்தாச்சு, வேலைதான் நடக்கலை.

டிஸ்ட்ரிபியூட்டர்ல இதைச் சரி பண்ண ரெண்டு அமைப்பு இருக்கு. சுற்று ஏற ஏற முன்னாடி தள்ள, உள்ளே ரெண்டு எடையும் ஸ்பிரிங்கும். லோடு குறையும்போது இன்னும் முன்னாடி தள்ள, பக்கத்துல ஒரு வட்ட டப்பா. அதுதான் வேக்குவம் அட்வான்ஸ். சமதளத்துல லேசா மிதிச்சு ஓட்டும்போது சிலிண்டர்ல கலவை கம்மியா இருக்கும், மெதுவா எரியும், அதனால தீப்பொறி சீக்கிரம் வேணும். இந்த டப்பாவோட உள்ளே இருக்கிற டயாஃப்ரம் கிழிஞ்சு, குழாயை மடக்கி அடைச்சு வச்ச வண்டிகளைப் பார்த்திருப்பீங்க. முழு மிதியில பவர் குறையாது, அதனால யாருக்கும் தெரியாது. ஆனா ஹைவேல ஓட்டற ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் பெட்ரோல் வீணாகும். வாயால குழாயை உறிஞ்சிப் பாருங்க. உள்ளே இருக்கிற தட்டு நகரணும், உறிஞ்சின அழுத்தம் நிக்கணும். இவ்வளவுதான் டெஸ்ட்.

பாயிண்ட், கண்டன்சரை எடுத்துட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் போடலாமா? தாராளமா. குதிரைத்திறன் தனியா கூடாது. ஆனா பாயிண்ட் தேயும்போது டைமிங் நழுவறது நிக்கும், செட் பண்ணது அப்படியே இருக்கும். ஒண்ணு மட்டும் கவனிங்க: டிஸ்ட்ரிபியூட்டர் தண்டு ஆடினா முதல்ல புஷ் மாத்தணும். கடைசியில டைமிங்கைக் காதால வைக்காம, டைமிங் லைட் வச்சு வைங்க.

கலவை: கறுப்பு பிளக் பவர் இல்லை

"கொஞ்சம் ரிச்சா வச்சா பிக்கப் நல்லா இருக்கும்" என்பது பாதி உண்மை. சாதாரண பெட்ரோல்ல ஒரு பங்கு பெட்ரோலுக்கு 12.5 முதல் 13 பங்கு காற்று இருக்கும்போதுதான் அதிகபட்ச பவர். அதையும் தாண்டி பெட்ரோலைக் கூட்டினா பவரும் குறையும், மைலேஜும் குறையும். அதிகபட்ச மைலேஜ் 15.5–16 பங்கு காற்றுல வரும். ஆக, முழு மிதியில கொஞ்சம் ரிச், சாதாரண ஓட்டத்துல லீன். கார்புரேட்டர் நல்ல நிலையில இருந்தா இந்த ரெண்டையும் ஓரளவு அதுவே பார்த்துக்கும்.

எஸ்.யு. வகைக் கார்புரேட்டர்ல காற்றோட அளவுக்கு ஏத்த மாதிரி ஒரு பிஸ்டன் ஏறும், அதோட சேர்ந்து கூம்பு ஊசி ஏறும், ஜெட்ல இடைவெளி கூடும். ஊசியும் ஜெட்டும் வருஷக்கணக்கா உரசினா துவாரம் நீள்வட்டமாகும். அப்புறம் எந்த ஸ்குரூவைத் திருப்பினாலும் சரி வராது. அது சில்லறைச் சாமான், மாத்திடுங்க. மேல இருக்கிற டேம்பர்ல ஆயில் இருக்கான்னும் பாருங்க. அது இல்லைன்னா மிதிச்ச உடனே இன்ஜின் திணறும். சோலெக்ஸ் வகைன்னா ஆக்சிலேட்டர் பம்ப் உண்டு. அந்த வண்டியில காலை ஏத்தி ஏத்தி இறக்கினா, ஒவ்வொரு தடவையும் பச்சைப் பெட்ரோல் பீச்சும்.

கலவையைப் பார்க்க ஒரு சுலப வழி, நீங்க எடுக்கிற புகைப் பரிசோதனைச் சீட்டு. அதுல இருக்கிற கார்பன் மோனாக்சைடு அளவு, ஐடிலிங்ல கலவை எவ்வளவு ரிச்சா இருக்குன்னு நேரடியாச் சொல்லும். பாஸான உடனே மடிச்சு வைக்காம, எண்ணைப் படிங்க.

கம்ப்ரெஷன்: முக்கியமான வேலை

இதுவரைக்கும் சொன்னது எல்லாம் இழந்ததைத் திருப்பி எடுக்கிறது. இனி உண்மையிலேயே கூட்டற வேலை.

அந்தக் கால அம்பாசிடர் இன்ஜின், அந்தக் காலத்துக் குறைந்த ஆக்டேன் பெட்ரோலுக்காகச் செஞ்சது. கம்ப்ரெஷன் விகிதம் 7-க்குச் சற்று மேல். எம்.ஜி.ஏ.வில் 8.3. கலவையை எவ்வளவு நெருக்கி எரிக்கிறோமோ, அதே பெட்ரோல்ல இருந்து அவ்வளவு வேலை கிடைக்கும். பாடப்புத்தகக் கணக்குப்படி 7.2-ல இருந்து 8.3-க்குப் போனா, 4–5 சதவீதம் லாபம். அது எல்லாச் சுற்றுலயும், எல்லா மிதியிலயும் கிடைக்கும். பவரும் அது, மைலேஜும் அதுவே.

இப்ப இதுக்கு ஒரு அவசரமும் வந்திருக்கு. பங்க்ல இப்ப கிடைக்கிறது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20. ஒரு லிட்டர் எத்தனால்ல பெட்ரோலைவிட மூணில் ஒரு பங்கு சக்தி குறைவு. அப்ப இ20-ல லிட்டருக்கு 6–7 சதவீதம் சக்தி குறையுது. அதோட, எத்தனால் எரிய காற்று கம்மியாப் போதும். அதனால பழைய செட்டிங்ல இருக்கிற கார்புரேட்டர் இப்ப 7–8 சதவீதம் லீனா ஓடும். "சமீபமா வண்டி இழுக்கலை, ஆக்சிலேட்டர் கொடுத்தா வெட்டி வெட்டிப் போகுது"ன்னு சொல்றவங்க இதையும் யோசிக்கணும். முன்னாடி சொன்ன காற்றுக் கணக்கும் இ20-க்கு அதே அளவு கீழே இறங்கும். ஊசியையோ ஜெட்டையோ ஒரு படி மாத்தணும். இதுதான் பெரிய ஜெட்டுக்கு நியாயமான ஒரே காரணம்.

ஆனா எத்தனாலுக்கு ஒரு நல்ல குணம் இருக்கு. அதோட ஆக்டேன் 100-ஐத் தாண்டும். இந்தக் கலவை, நம்ம இன்ஜின் பிறந்த காலத்துப் பெட்ரோலைவிட நாக்கிங்கை நல்லாவே தாங்கும். அப்ப கம்ப்ரெஷனைக் கூட்ட இடம் இருக்கு. இ20 கையில இருந்து எடுத்துக்கிட்டதுல பெரும்பகுதியை, கம்ப்ரெஷன் வழியா அதே இ20-கிட்ட இருந்து திருப்பி வாங்கலாம்.

எப்படிச் செய்யறது? ஒரு சிலிண்டரோட கொள்ளளவு 372 சிசி. பிஸ்டன் உச்சியில நிக்கும்போது மேல மிச்சம் இருக்கிற இடம் 60 சிசின்னா, விகிதம் 7.2. அது 51 சிசி ஆனா 8.3. ஆக, சிலிண்டருக்கு 9 சிசி குறைக்கணும். ஹெட்டை லேத் பட்டறையில இழைச்சுக் குறைக்கலாம்.

இழைக்கிறதுக்கு முன்னாடி அளந்தே ஆகணும். ஐம்பது வருஷத்துல யாராவது ஏற்கெனவே ரெண்டு தடவை இழைச்சிருக்கலாம். ஹெட்டைத் தலைகீழா வச்சு, வால்வும் பிளக்கும் போட்டு, துளை போட்ட ஒரு கண்ணாடித் தகட்டைக் கிரீஸ் தடவி மேல ஒட்டி, பியூரெட்டால மண்ணெண்ணெய் விட்டு எத்தனை சிசி பிடிக்குதுன்னு பாருங்க. கேஸ்கெட்டோட தடிமன், பிஸ்டன் தலையில இருக்கிற குழி, பிஸ்டன் உச்சிக்கு வரும்போது பிளாக் மட்டத்துக்கு எவ்வளவு கீழே நிக்குது, இது மூணையும் கணக்குல சேர்க்கணும். கொஞ்சமா இழைங்க, திரும்ப அளங்க. நாலு அறையும் ஒரே அளவுக்கு வந்தா இன்ஜின் ஓட்டமும் சீராகும். ஹெட் இறங்கினதால ராக்கர் உட்கார்ற நிலை மாறும். டாப்பெட்டைப் புதுசா வைக்கணும்.

8.5-க்கு மேல போகச் சொல்ல மாட்டேன். இது வார்ப்பிரும்பு ஹெட், சீக்கிரம் சூடு ஏறும். மலை ஏத்தத்துல நாக்கிங் சத்தம் கேட்டா டைமிங்கை ஒண்ணு ரெண்டு டிகிரி பின்னாடி இழுங்க. சத்தத்தோட ஓட்டினா பிஸ்டன் உடையும்.

இ20-க்காக இன்னொண்ணு. பழைய ரப்பர் குழாய், பெட்ரோல் பம்ப் டயாஃப்ரம் எல்லாம் எத்தனால்ல ஊறி வீங்கும், விரிசல் விடும். எத்தனால் தாங்கற வகையா மாத்துங்க. சூடான இன்ஜின் பக்கத்துல பெட்ரோல் கசியறது விளையாட்டு இல்லை.

மூச்சு விடற வழி

பி-சீரீஸ் ஹெட்ல நாலு சிலிண்டருக்கு ரெண்டே இன்லெட் வழி. 1-ம் 2-ம் ஒரு வழி, 3-ம் 4-ம் ஒரு வழி. எரியற வரிசை 1-3-4-2. அதாவது 3 உறிஞ்சி முடிக்கறதுக்குள்ள பக்கத்து 4 உறிஞ்ச ஆரம்பிக்கும். 2-க்கு அப்புறம் 1-ம் அப்படித்தான். ஒரே குழாயில ரெண்டு பேர் தண்ணி குடிக்கிற கதை. பெரிய கார்புரேட்டர் போட்டாலும் இந்தச் சண்டை தீராது. மெதுவான ஓட்டத்துல காற்றோட வேகம் குறைஞ்சு, பெட்ரோல் சரியாத் தூளாகாமப் போறதும் உண்டு.

இங்கே செலவு குறைவான வேலைகள் இருக்கு. வால்வு சீட்டை ஒரே கோணத்துல விடாம மூணு கோணத்துல வெட்டறது. மேனிஃபோல்டு, கேஸ்கெட், ஹெட் துளை மூணும் ஒண்ணுக்கொண்ணு நேரா இருக்கான்னு பார்த்து, நீட்டிக்கிட்டு இருக்கிற விளிம்பை மட்டும் எடுக்கறது. துளையைப் பெரிசு பண்ண வேண்டாம். எக்ஸாஸ்ட் பக்கம் மூணு வழி. நடுவுல 2-ம் 3-ம் சேர்ந்து வரும். நசுங்கின குழாய், உள்ளே உதிர்ந்து அடைச்ச சைலன்சர் இருந்தா மாத்துங்க. சத்தம் கூடினா பவர் கூடினதா அர்த்தம் இல்லை.

உங்க காலும் ஒரு பாகம்தான்

பெட்ரோல் இன்ஜின் பாதி மூடின த்ராட்டில் வழியா காற்றை உறிஞ்சறதுக்கே கொஞ்சம் சக்தியைச் செலவு பண்ணும். அதனால ஒரே வேகத்துக்குக் கீழ் கியர்ல லேசா மிதிக்கிறதைவிட, மேல் கியர்ல கொஞ்சம் கூட மிதிக்கிறது சிக்கனம். இன்ஜின் உதறக் கூடாது, நாக்கிங் வரக் கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. இழுவை கூடின இன்ஜினோட லாபம் இங்கேதான் தெரியும். முன்னாடி ரெண்டாவது கியர்ல ஏறின வளைவை மூணாவது கியர்ல ஏறினா, சுற்றும் குறையுது, பெட்ரோலும் குறையுது.

கடைசியா, ஒரு நேரத்துல ஒரு மாற்றம் மட்டும் பண்ணுங்க. முழு டேங்க் நிரப்பி, ஓட்டி, திரும்ப அதே பங்க்ல நிரப்பி மைலேஜ் பாருங்க. ஆள் இல்லாத நேரா இருக்கிற ரோட்டுல, மூணாவது கியர்ல 30-லிருந்து 60 கிலோமீட்டர் வேகத்துக்கு எத்தனை செகண்டுன்னு பக்கத்துல இருக்கிறவங்களைப் பார்க்கச் சொல்லுங்க. ரெண்டு எண்ணையும் நோட்டுல எழுதுங்க. ரெண்டும் நல்லதா மாறினா அந்த வேலை சரி. செகண்டு குறைஞ்சு மைலேஜும் குறைஞ்சா, நீங்க பவரைப் பெட்ரோல் கொடுத்து வாங்கியிருக்கீங்க.

வரிசையைத் திரும்பச் சொல்றேன்: கம்ப்ரெஷன் டெஸ்ட், வால்வு, தெர்மோஸ்டாட், டைமிங், கலவை, ரப்பர் குழாய்கள். இதெல்லாம் முடிஞ்சப்புறம் ஹெட் இழைக்கிற வேலை. இவ்வளவு பண்ணியும் அம்பாசிடர் எம்.ஜி.ஏ. ஆகாது. ஆனா குடும்பத்தோட ஏற்காடு ஏறும்போது பின்னாடி வர்ற பஸ்காரர் ஹாரன் அடிக்கிறது குறையும்.

உங்க வண்டியோட நாலு சிலிண்டர் கம்ப்ரெஷன் அளவையும் பிளக் நிறத்தையும் எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடுல அதை வச்சே பேசலாம்.